கீபோர்டில் ஒட்டிய சந்தனம்

நம் வீட்டு மர அலமாரியின் மேல்தட்டில், உங்கள் அம்மாவின் கல்யாணச் சேலைக்குப் பக்கத்தில், பழைய துண்டில் சுற்றிய ஒரு கீபோர்டு இருக்கிறது. கறுப்பு நிறம். பாதி எழுத்துகள் தேய்ந்துவிட்டன. வலது பக்கத்து ஷிப்ட் பட்டனின் ஓரத்தில் மட்டும் மஞ்சளாக ஒரு கறை. போன வாரம் பழைய சாமான் எடுக்கிறவர் தெருவுக்குள் வந்தபோது நீங்கள் இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினீர்கள். அடுப்படியில் இருந்த உங்கள் அம்மா மாவுக்கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து அதை வாங்கிக்கொண்டாள். ஏன் என்று நீங்கள் கேட்டதற்கு, "ஒங்க அப்பாவக் கேளுங்க. அவுகதான் கதை சொல்றதுல கெட்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் வாயால் சொன்னால் பாதியில் செல்போனை எடுத்துவிடுவீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அப்போது பெரியவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. சின்னவன் இடுப்பை விட்டு இறங்க மாட்டான். நம் ஊரும் பக்கத்து மானாவாரி ஊர்களும் சேர்ந்து ஓர் உழவர் குழு தொடங்கியிருந்தார்கள். திருச்சுழி ரோட்டில் முன்பு உரக்கடையாக இருந்த கட்டடம்தான் ஆபீஸ். நான் குழுவின் லோடு வண்டியை ஓட்டினேன். உளுந்தோ மல்லியோ வற்றலோ, எது விளைந்தாலும் மூட்டையை ஏற்றி அருப்புக்கோட்டை கமிஷன் கடையில் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை உங்கள் அம்மாவுக்கு. அந்த வேலைக்கு அவளை எடுத்ததற்குக் காரணம் அந்தக் கம்ப்யூட்டரே அவளால் வந்தது என்பதுதான். கல்யாணத்துக்கு முன்னால் டவுனில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளராக இருந்தாள். காலையில் எல்லா மிஷினையும் போட வேண்டும், சாயங்காலம் அணைக்க வேண்டும், நடுவில் தூசி தட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் தூசி தட்டுகிறவளின் கண்ணை யாரும் கட்டி வைக்கவில்லை. அங்கே பழைய மிஷின்களைக் கழித்தபோது, லேபில் இருந்த சாரிடம் பேசி ஒன்றைக் குழுவுக்கு வாங்கித் தந்தாள்.

அதில் ஓடியது லினக்ஸ். கடைகளிலும் ஆபீஸ்களிலும் வழக்கமாகப் பார்க்கிற மாதிரி இருக்காது. போட்டவுடன் ஒரு பென்குயின் படம் வரும். எங்கள் குழுவில் பென்குயினைக் கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. பொருளாளரம்மா முதல் நாளே அதைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, வாத்துக்குக் கோட்டுப் போட்டு நிப்பாட்டியிருக்கான்" என்றார். அன்றிலிருந்து அதற்குப் பெயர் வாத்துப் பெட்டி.

வாத்துப் பெட்டிக்கு முன்னால் சுழல்கிற நாற்காலி ஒன்று கிடந்தது. மெத்தை வைத்தது. அது தலைவரய்யாவின் நாற்காலி. அவர் கம்ப்யூட்டரைத் தொடுவதே அபூர்வம், ஆனால் நாற்காலி அவருடையது. உங்கள் அம்மா பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, உடம்பைத் திருப்பி உட்கார்ந்து தட்டுவாள். அவர் காட்டுக்குப் போயிருக்கிற நேரத்திலும் அப்படித்தான். யாரும் அவளை அதில் உட்காரக் கூடாது என்று சொன்னதில்லை. உட்காரச் சொன்னதும் இல்லை. உங்கள் தாத்தா தலைவரய்யா வீட்டுக் காட்டில் களை எடுத்தவர். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து பந்தலில் வரிசையாகப் போட்டிருக்கிறார். உட்கார்ந்தது கிடையாது. இதையெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உளுந்து உடைக்கிற மிஷின் ஒன்றை ஏதாவது ஒரு குழுவுக்குத் தரப்போவதாக அரசாங்கத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். நம் காட்டு உளுந்தை முழுசாக விற்றுவிட்டு, அதே உளுந்து பருப்பாகிக் கடைக்கு வந்ததும் நாமே கூடுதல் விலைக்கு வாங்கித் தின்றுகொண்டிருந்த காலம் அது. போகும்போது மூட்டையும் வரும்போது பருப்புப் பொட்டலமும் ஏற்றி வந்தவன் நான்தான். மிஷின் வேண்டுமென்றால் ஒவ்வோர் உறுப்பினரின் காட்டையும், பயிர் நிற்கும்போதே, காட்டுக்காரரை நிறுத்திப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மார்கழியிலும் தையிலும் உங்கள் அம்மா ஒவ்வொரு காடாகப் போனாள். ரோடு இருக்கிற இடம் வரைக்கும் நான் வண்டியில் கொண்டுபோய் விடுவேன். அதற்கப்புறம் நடைதான். ஈரக் கரிசல் செருப்பில் ஏறி ஏறி, அவள் திரும்பி வரும்போது ஒவ்வொரு செருப்பும் ஒரு செங்கல் கனம் இருக்கும். படம் எடுத்த செல்போன் சின்னது, நிறையக் கொள்ளாது. அதனால் அன்றன்றைக்குப் படத்தை வாத்துப் பெட்டியில் ஏற்றிவிட்டுப் போனில் இருப்பதை அழிப்பாள். அதாவது, அத்தனை படமும் இருந்தது அந்த ஒரே பெட்டியில். இன்னொரு நகல் எடுத்து வைக்க ஒரு டிஸ்க் வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டாள். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் அதையேதான் சொன்னார்கள்.

புரட்டாசி வந்தது. அனுப்புவதற்குக் கடைசி நாள் ஆயுத பூசை விடுமுறை முடிந்த மறுநாள் சாயங்காலம். உங்கள் அம்மா எல்லாவற்றையும் அடுக்கி முடித்து, முன்கூட்டியே அனுப்பிவிடலாம் என்றாள். தலைவரய்யா ஒத்துக்கொள்ளவில்லை. "நல்ல காரியம்த்தா. பூசையப் போட்டு, சாமி கும்பிட்டு, மொத வேலையா அனுப்புவோம். வெளங்கும்" என்றார். அவர் சொன்னதில் எனக்கும் தப்புத் தெரியவில்லை. நானே பூசை முடியாமல் வண்டிச் சாவியைத் திருப்ப மாட்டேன்.

பூசையை அவர் மனம் நிறையச் செய்தார். தராசுக்கும் சாக்குத் தைக்கிற ஊசிக்கும்கூடச் சந்தனம் வைத்துவிட்டு வாத்துப் பெட்டிக்கு வந்தார். அவருக்கு அந்தப் பெட்டிமேல் தனிப் பெருமை. கிண்ணத்தில் இருந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் அள்ளி, திரையின் நெற்றியில் ஒன்று, பெட்டியின் தலையில் ஒன்று, கீபோர்டின் மேல் வரிசைக்கு வரிசை ஒன்று என்று அப்பினார். அதன்மேல் குங்குமம். "சாமி காரியத்துல கஞ்சத்தனம் ஆகாது" என்று சொல்லிக்கொண்டார். உங்கள் அம்மா அப்போது வெளியே பொரிகடலை பங்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விஜயதசமி கழிந்து, அதற்கடுத்த நாள் காலையில் ஆபீஸைத் திறந்தோம். துணியால் பொட்டுகளைத் துடைத்துவிட்டுப் பெட்டியைப் போட்டாள். பென்குயின் வந்தது. பேரும் பாஸ்வேர்டும் கேட்கிற திரை வந்தது. பாஸ்வேர்டைத் தட்டினாள். தப்பு என்றது. மறுபடி தட்டினாள். தப்பு. ஒவ்வோர் எழுத்தாக, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி நிதானமாகத் தட்டினாள். அதற்கும் தப்பு என்றுதான் சொன்னது. நான் மூட்டை ஏற்றுவதை விட்டுவிட்டு வாசலில் நின்றேன். தலைவரய்யா வந்தார், பொருளாளரம்மா வந்தார்.

"நீயா மாத்திப்புட்டு மறந்துட்டியாத்தா?" என்று கேட்டார் தலைவரய்யா.

"சோறு திங்க மறந்தாலும் மறப்பேன்யா, இத மறக்க மாட்டேன்."

"வாத்து முட்ட போடப் போகுது போல. அதான் கதவத் தொறக்க மாட்டேங்குது" என்றார் பொருளாளரம்மா. அவர் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிற தம்பிக்குப் போன் போட்டோம். கடையைச் சாத்திவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். நல்ல மனுஷன். பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு மறைக்காமல் சொன்னார்: "அக்கா, எனக்கு இந்தப் பென்குயின் பழக்கமில்ல. எனக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணுதான். ஃபார்மட் போட்டுட்டு வேற சிஸ்டம் ஏத்தித் தாரேன். மத்தியானத்துக்குள்ள ஓடும்."

"படம் நிக்குமா தம்பி?"

"நிக்காதுக்கா. எல்லாம் தொடச்சுப்போயிரும்."

"அப்ப வேணாம்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளா, எனக்கு வண்டி நின்றுபோனால் கோபம் வரும். டயரை உதைப்பேன், பானெட்டைத் தட்டுவேன். உங்கள் அம்மாவுக்குக் கோபம் வருவதற்குப் பதிலாக அமைதி வரும். அன்றைக்குத்தான் அதை முழுசாகப் பார்த்தேன். அவள் தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "நான் அடிக்கிறது சரி. அது வாங்குறதுதான் தப்பா வாங்குது. நடுவுல என்னமோ இருக்கு."

பாஸ்வேர்டு அடிக்கிற கட்டத்தில் என்ன அடித்தாலும் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் பேர் எழுதுகிற கட்டத்தில் அடித்தால் எழுத்து அப்படியே தெரியும். அங்கே பாஸ்வேர்டை அடித்துப் பார்த்தால், நாம் தட்டுவது எப்படிப் போய்ச் சேருகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். இது அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவளே யோசித்துக் கண்டுபிடித்தது. எழுந்து நின்று சொன்னாள்: "எல்லாரும் செத்த வெளிய நில்லுங்கய்யா. பாஸ்வேர்ட எழுத்தா அடிச்சுப் பாக்கப் போறேன். கண்ணுக்குத் தெரியும்."

"நானுமாத்தா?" என்றார் தலைவரய்யா.

"நீங்களும்தான்யா. பாஸ்வேர்டு ஒருத்தர்கிட்டத்தான் இருக்கணும்னு கூட்டத்துல நீங்கதான சொன்னீக."

அவரை யாரும் அப்படி வெளியே நிற்கச் சொல்லி நான் பார்த்ததில்லை. பொருளாளரம்மாதான் அவரை நகர்த்திக்கொண்டு வந்தார். "வாங்க வாங்க. வீட்டுல அடுப்படிய விட்டு வெரட்டுனா வாய மூடிக்கிட்டு வாசலுக்கு வாரீகள்ல, அப்படி நெனச்சுக்கிருங்க." தலைவரய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார். நான் அவள் புருஷன், நானும் அங்கேதான் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவிக் கையில் வைத்திருந்தாள். சின்ன எழுத்தாக அடித்ததெல்லாம் பெரிய எழுத்தாகப் போயிருந்ததாம். வலது பக்கத்து ஷிப்ட் பட்டன் அமுங்கியபடியே கிடந்தது. பார்த்தால் தெரியாது, விரல் வைத்தால்தான் தெரியும். அவள் எப்போதும் இடது பக்கத்து ஷிப்டையே அமுக்கிப் பழகியவள், அதனால் வலது பக்கம் விரல் போகவில்லை. ஹேர்பின்னால் பட்டனை நெம்பி எடுத்தாள். அடியில் சந்தனம் இறுகிச் சிமெண்டுப் பூச்சு மாதிரி ஒட்டிக்கிடந்தது, மேலே ஒரு துணுக்குக் குங்குமத்தோடு.

தலைவரய்யா குனிந்து பார்த்தார். "நான் வச்ச பொட்டாத்தா?"

"சாமி மேல ஒண்ணும் தப்பில்லய்யா. கொஞ்சம் கெட்டியாப் போச்சு" என்றாள். சுரண்டி எடுத்துவிட்டுப் பட்டனை மாட்டினாள். பாஸ்வேர்டைத் தட்டினாள். இந்தத் தடவை தப்பு என்று சொல்லவில்லை. திரை கறுத்தது. எல்லாரும் மூச்சை விட்டோம். அடுத்த நொடி, மறுபடி அதே பேர் கேட்கிற திரை வந்து நின்றது. மறுபடி தட்டினாள். கறுத்தது. திரும்ப அதே இடம். வாசல் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தால், நாம் மறுபடி வாசலிலேயே நிற்கிறோம். அப்படி இருந்தது.

மத்தியானம் ஆகிவிட்டது. தலைவரய்யாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அத்தனை ஊருக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். "தம்பி, ஃபார்மட்டப் போட்டிரு. மறுபடி படம் எடுத்துக்கிருவோம்" என்றார். சர்வீஸ் கடைத் தம்பி பையைத் திறந்தார். உங்கள் அம்மா எழுந்து பெட்டியின் குறுக்கே கையை வைத்தாள். வாசலை மறித்து நிற்கிற மாதிரி.

"வேணாம்யா. எதப் போயி மறுபடி எடுக்க? அந்த உளுந்து அறுத்தாச்சு, அடிச்சாச்சு, வித்தாச்சு. இப்பப் போனா வெறுங்காடுதான் கெடக்கும்."

"அப்ப நீயே பாரு. சாயங்காலத்துக்குள்ள தொறக்கலைன்னா..." அவர் நிறுத்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். "வேற ஆளப் பாக்கச் சொல்லி எல்லாரும் என்னத்தான் பிடிப்பாக."

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. மிஷின் போனாலும், படம் போனாலும், அவள் வேலை போனாலும் நான் அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். ஆனால் செருப்பில் செங்கல் கனத்துக் கரிசலோடு அவள் திரும்பி வந்த அத்தனை சாயங்காலத்தையும் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? வாசலில் நின்ற நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. லேப் சார் எப்போதோ சொன்னதை யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். முன்வாசல் மக்கர் பண்ணினால் இந்தச் சிஸ்டத்தில் கொல்லை வாசல் ஒன்று உண்டு என்று அவர் சொல்லியிருந்தாராம்.

மூன்று பட்டனைச் சேர்த்து அமுக்கினாள். பேர் கேட்கிற கட்டமெல்லாம் மறைந்து, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் வந்தது. அங்கேயும் பேரையும் பாஸ்வேர்டையும் கேட்டது. தட்டினாள். உள்ளே விட்டுவிட்டது!

"வீடு நல்லாத்தான் இருக்கு தம்பி. முன்வாசல்லதான் கோளாறு" என்றாள். அவள் ஒவ்வோர் உத்தரவாக அடிக்க, அது பதிலுக்கு வரி வரியாக எழுதியது. அதில் ஒரு வரியைச் சர்வீஸ் கடைத் தம்பிதான் முதலில் பிடித்தார். விரலை வைத்து, "அக்கா, இங்க பாருங்க. டிஸ்க்கு நூறு சதவீதம்னு காட்டுது. உள்ள எடமே இல்ல" என்றார்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. எங்களுக்கும் புரியும்படி சொன்னாள். நாம் உள்ளே நுழையும்போது சிஸ்டம் நம் பேரில் சின்னதாகச் சில குறிப்பு எழுதிக்கொள்ளுமாம். எழுத இடம் இல்லாவிட்டால் நம்மை உள்ளே வைத்துக்கொள்ள முடியாமல் திரும்ப வாசலுக்கே அனுப்பிவிடுமாம். "ஆனா பூசைக்கு மொத நாள் நெறைய எடம் கெடந்துச்சே" என்று சொல்லிக்கொண்டே, எது இடத்தை அடைக்கிறது என்று தேடினாள். ஒரு பேர் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில், 'பேத்தி காதுகுத்து'.

தலைவரய்யா மெதுவாகத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

அவருடைய பேத்திக்குக் குலசாமி கோயிலில் காது குத்தியதை ஸ்டூடியோக்காரர் மேலே பறக்கிற கேமராவையெல்லாம் விட்டுப் படம் பிடித்திருந்தார். பூசை அன்றைக்குச் சாயங்காலம், நாங்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு, தலைவரய்யா தனியாக வந்து பென்டிரைவிலிருந்து எல்லாவற்றையும் வாத்துப் பெட்டியில் ஏற்றியிருக்கிறார். பெட்டி அதுவரை அணைக்காமல்தான் இருந்தது, போகும்போது அவர்தான் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். எப்படி ஏற்றுவது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே உங்கள் அம்மாதான். அவர் கற்றுக்கொண்ட ஒரே கம்ப்யூட்டர் வேலை அது. "வீட்டுல வச்சாப் புள்ளைக கைபட்டுத் தொலைஞ்சுபோகும். ஆபீஸ் சிஸ்டத்துல இருந்தாப் பத்திரம்னு நெனச்சேன்த்தா" என்றார். அந்தப் பெரிய மனுஷன் அப்படிக் குரல் தாழ்ந்து பேசி நான் கேட்டதில்லை. பிறகு நிமிர்ந்து, "அழிச்சிரு. நேரமாகுது" என்றார்.

"வேற எங்கயும் இருக்காய்யா?"

"ஸ்டூடியோக்காரன் பென்டிரைவத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டான். அதுல இந்நேரம் வேற வீட்டு விசேஷத்த ஏத்தியிருப்பான். பரவாயில்ல, பேத்தி இங்கனதான இருக்கா. நீ அழி."

ஒரே ஓர் உத்தரவு அடித்தால் போதும். கதவு திறந்துவிடும். அவரே சொல்லிவிட்டார், சாட்சிக்கு நாங்கள் நிற்கிறோம். வேறு யாராக இருந்தாலும் அந்தக் கணமே அடித்திருப்பார்கள். நானாக இருந்தாலும் அடித்திருப்பேன். உங்கள் அம்மா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"ஐயா, என் படம் அழியக் கூடாதுன்னு காலைலருந்து மறிச்சுக்கிட்டு நிக்கேன். ஒங்க படத்த மட்டும் எப்படி அழிப்பேன்?"

பிறகு சர்வீஸ் கடைத் தம்பியைப் பார்த்து, "தம்பி, ஒங்க பையில டிஸ்க்கு இருக்குல்ல? குடுங்க. இதுல எறக்கிட்டு அப்பறமா எடத்தக் காலி பண்ணுவோம்" என்றாள்.

டிஸ்க்கை மாட்டி, அந்தக் கறுப்புத் திரையிலேயே அடித்து, நகல் எடுக்கப் போட்டாள். பழைய பெட்டி, நத்தை மாதிரி நகர்ந்தது. சுவர்க் கடிகாரம் அதைவிட வேகமாக ஓடியது. ஸ்டூலில் உடம்பைத் திருப்பி உட்கார்ந்திருந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நெளிந்தாள். அப்போதுதான் அது நடந்தது. தலைவரய்யா தன் நாற்காலியின் முதுகைப் பிடித்து, சக்கரம் கிறீச்சிட, அவள் பக்கம் தள்ளினார். "இதுல உக்காருத்தா. ஸ்டூலு ஒதுங்கட்டும்" என்றார். அதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை, தண்ணீர் குடி என்பது போலச் சொன்னார். அவள் ஒரு நொடி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். நேராக, திரைக்கு எதிரே. தலைவரய்யா அந்தப் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் வண்டியைப் பார்க்கப் போகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன். கண் கலங்கினால் பொருளாளரம்மா பிடித்துக்கொள்வார்.

நகல் முடிந்ததும் அவள் உடனே நம்பிவிடவில்லை. தம்பியின் லேப்டாப்பில் டிஸ்க்கை மாட்டி, படம் ஓடுகிறதா என்று பார்க்கச் சொன்னாள். கோயில் கோபுரத்துக்கு மேலே கேமரா பறந்தது. கீழே மாமன் மடியில் ஒரு மொட்டைத்தலை வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தது. அத்தனை அவசரத்திலும் எல்லாரும் ஒரு நிமிஷம் நின்று பார்த்தோம். "காது குத்துனது புள்ளைக்கா நம்ம வாத்துக்கா?" என்று கேட்டார் பொருளாளரம்மா. இந்தத் தடவை சிரிப்பு வந்தது. முதலில் சிரித்தவர் தலைவரய்யாதான்.

அப்புறம்தான் பெட்டியிலிருந்து அந்தக் காதுகுத்துப் படத்தை அழித்தாள். முன்வாசல் திரைக்கு வந்தாள். பாஸ்வேர்டைத் தட்டினாள். திரை கறுத்தது. நான் சாமி பேரைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லி முடிப்பதற்குள் திறந்துவிட்டது. உள்ளே உளுந்தங்காடு, காட்டுக்காரர்கள், வரப்பில் நிற்கிற பெண்கள், பின்னால் தூரத்தில் ஒரு படத்தில் என் லோடு வண்டி. எதுவும் போகவில்லை. ஆபீஸ் நெட் இழுக்காமல் தம்பியின் போனிலிருந்து நெட் எடுத்து, நேரம் முடிவதற்குள் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டாள். வந்து சேர்ந்தது என்று பதில் வந்த பிறகுதான் பையிலிருந்த தூக்குச்சட்டியைத் திறந்து காலைச் சோற்றைச் சாப்பிட்டாள்.

இன்றைக்குத் திருச்சுழி ரோட்டில் போகும்போது கடகடவென்று சத்தம் கேட்கும், உளுந்து தூசி மணக்கும். "காதடைக்குதுப்பா" என்று சொல்வீர்கள். அந்த மிஷின்தான். நம் உளுந்து நம் ஊரிலேயே பருப்பாகி, நம் குழுவின் பேரோடு பொட்டலமாகிறது. அதை அருப்புக்கோட்டைக்கும் காரியாபட்டிக்கும் ஏற்றிப் போகிறவன் நான். நகல் எடுத்து வைக்கிற டிஸ்க்கை அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்காமல் தலைவரய்யா மறுநாளே வாங்கி வந்தார். சர்வீஸ் கடைத் தம்பி இன்றைக்கும் பென்குயின் சிஸ்டம் ஏதாவது மக்கர் பண்ணினால் உங்கள் அம்மாவுக்குப் போன் போடுகிறார். இவளும் வேறு மிஷினில் கோளாறு என்றால் அவருக்குப் போடுகிறாள். வேறு ஊர்க் குழுக்களிலிருந்து பெண்கள் வந்து இவளிடம் வேலை படித்துப் போகிறார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் இவள் சொல்வது ஒன்றுதான்: "தொறக்கலைன்னா ஒடைக்கலாம்னு நெனைக்காதீக. எது எது நல்லாருக்குன்னு மொதல்ல பாருங்க. மிச்சம் இருக்கிறதுதான் கோளாறு." வண்டி நின்றால் நானும் இப்போது டயரை உதைப்பதில்லை.

ஆபீஸில் புதுக் கம்ப்யூட்டர் வந்தபோது, பழைய கீபோர்டை மட்டும் கேட்டு வாங்கி வந்தாள். ஷிப்ட் பட்டனில் அந்த மஞ்சள் கறை ஏன் இன்னும் இருக்கிறது, கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போகுமே என்று நான் ஒரு தரம் கேட்டேன். "கெடக்கட்டும். அவசரம் வாரப்ப அதப் பாத்துக்கிருவேன்" என்றாள்.

இந்த வருஷப் பூசைக்கு நீங்களும் ஆபீஸுக்கு வந்திருந்தீர்கள். பொரிகடலை மேலேயே கண்ணாக இருந்ததால் இதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். தலைவரய்யாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. சந்தனக் கிண்ணத்தோடு மெல்ல நடந்து கம்ப்யூட்டர் மேஜைக்கு வந்தார். கட்டைவிரலில் சந்தனத்தை எடுத்தவர் அப்படியே நின்று, உங்கள் அம்மாவைப் பார்த்து, "எங்கனத்தா வைக்க?" என்று கேட்டார். ஊருக்கெல்லாம் எங்கே எது என்று சொன்ன வீட்டு மனுஷன் கேட்கிறார். அவள் அந்தச் சுழல் நாற்காலியிலிருந்து எழுந்து, புதுக் கீபோர்டை இரண்டு கையாலும் எடுத்து, புரட்டி, அடிப்பக்கத்தை அவர் முன்னால் நீட்டினாள். அவர் அதில் ஒரே ஒரு பொட்டு வைத்தார், சின்னதாக.

அதனால்தான் சொல்கிறேன், பழைய சாமான்காரர் மறுபடி வந்தால் வேறு எதை வேண்டுமானாலும் தூக்கிப் போடுங்கள். என் பழைய ரேடியோவைக்கூடப் போடுங்கள். அந்தத் துண்டு சுற்றிய கீபோர்டு மட்டும் கல்யாணச் சேலைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.